புராஜெக்டை நகல் எடுப்பதும் பேக்கப் எடுப்பதும்: சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். டயர் கடை, மளிகைக் கடை, எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வாங்கும் நிலையம் என்று இந்த ஊர்க் கடைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். ஒரு கடைக்கு எழுதியதை நகல் எடுத்து அடுத்த கடைக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் எங்கள் வேலையில் பாதி. அதனால் இந்தக் கேள்விகள் வாரம் தவறாமல் வரும். வகுப்பில் கேட்டவை, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டவை எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அக்கா, நகலும் பேக்கப்பும் ஒன்றுதானே? இரண்டுமே காப்பிதானே?

இல்லை. நகல் எடுப்பது புதிதாக ஒன்றைத் தொடங்க. பேக்கப் எடுப்பது பழைய நிலைக்குத் திரும்ப. பார்வைக்கு இரண்டும் ஒரே ஃபோல்டர் போலத்தான் இருக்கும். ஆனால் செய்ய வேண்டியது நேர்மாறானது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிஎச்பி மொழியில் எழுத உதவும் லாராவெல் கட்டமைப்பில் செய்த புராஜெக்டில் 'ஆப் கீ' என்று ஒரு சாவி இருக்கும். டயர் கடை மென்பொருளை நகல் எடுத்து மளிகைக் கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அந்தச் சாவியைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இரண்டு கடைக்கும் ஒரே சாவி இருக்கக் கூடாது. அதுவே டயர் கடையின் பேக்கப் என்றால் அந்தச் சாவி ஓர் எழுத்துகூட மாறாமல் உள்ளே இருக்க வேண்டும். அது தொலைந்தால் அந்தச் சாவியால் மறைகுறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்து வைத்த தகவல் எதையும் திரும்பப் படிக்க முடியாது.

ஆகவே ஃபோல்டரைத் தொடுவதற்கு முன், எதற்காக எடுக்கிறேன் என்று முடிவு செய்துவிடுங்கள். ஃபோல்டர் பெயரிலேயே அதை எழுதுங்கள். 'இறுதி', 'இறுதி2', 'புது இறுதி' என்று பெயர் வைத்தால் மூன்று மாதம் கழித்து நீங்களே திகைப்பீர்கள். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போட்டால் பட்டியல் தானாக ஒழுங்காக நிற்கும்.

ஃபோல்டரை அப்படியே பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டால் என்ன தவறு?

அவசரத்துக்குத் தவறில்லை. ஒன்றுமே எடுக்காமல் இருப்பதைவிட அது மேல். ஆனால் சில சிக்கல்கள் உண்டு.

முதலில் வேகம். இணையத்திலிருந்து இறக்கிய உதவி நிரல்கள் இருக்கும் 'நோட் மாட்யூல்ஸ்' ஃபோல்டரில் பல்லாயிரம் சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். பென்டிரைவ் அதை ஒவ்வொன்றாக எழுதித் திணறும். அந்த ஃபோல்டரையும் பிஎச்பி புராஜெக்டின் 'வெண்டார்' ஃபோல்டரையும் விட்டுவிடலாம். திரும்ப இறக்கிக்கொள்ளலாம். ஆனால் 'பேக்கேஜ் லாக்', 'கம்போசர் லாக்' கோப்புகளை விடாதீர்கள். எந்தப் பதிப்பு இருந்தது என்பது அவற்றில்தான் இருக்கிறது.

அப்புறம், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகள். கடவுச்சொல் இருக்கும் 'என்வ்' கோப்பு, நிரலின் மாற்ற வரலாறு இருக்கும் 'கிட்' ஃபோல்டர் இரண்டும் அப்படித்தான். ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து இழுக்கும்போது, மறைந்த கோப்புகளைக் காட்டாத கணினியில் இவை விடுபடும். பழைய பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிகாபைட்டை எட்டும் ஒரே கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சொந்தக் கணினியையே சர்வராக்கும் எக்ஸாம்ப் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: 'எச்டிடாக்ஸ்' ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். நிரல் இருந்தது. டேட்டாபேஸ் வேறு ஃபோல்டரில் இருந்து, போய்விட்டது.

நகல் எடுத்த புராஜெக்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நான் பட்ட அடி இங்கேதான்.

என்னிடம் வேலை பழகிய ஒரு தம்பிக்கு, செம்பனைக் குலை வாங்கும் நிலையத்து மென்பொருளின் நகலைக் கொடுத்தேன். வேறொரு நிலையத்துக்கு அதை மாற்ற வேண்டும். பொறுப்பான பையன். 'என்வ்' கோப்பைத் திறந்து கடைப் பெயரை மாற்றினார். சூழலை 'புரொடக்‌ஷன்' என்பதிலிருந்து (கடையில் உண்மையாக ஓடும் நிலை) 'லோக்கல்' (சொந்தக் கணினிச் சோதனை) என்று மாற்றினார். டேட்டாபேஸ் முகவரி இருந்த வரி இன்னும் கீழே இருந்தது. அதைத் தொடவில்லை, அது இன்னும் பழைய நிலையத்தின் டேட்டாபேஸையே காட்டியது. அட்டவணைகளைப் புதிதாகப் போடலாம் என்று 'மைக்ரேட் ஃபிரெஷ்' கட்டளையைக் கொடுத்தார். அந்தக் கட்டளை எல்லா அட்டவணையையும் அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போடும். சூழல் 'புரொடக்‌ஷன்' என்று இருந்திருந்தால் லாராவெல் ஒரு தடவை நிறுத்தி, உறுதியா என்று கேட்டிருக்கும். 'லோக்கல்' என்று எழுதியிருந்ததால் கேட்கவில்லை.

பிற்பகல் மூன்று இருபதுக்கு நிலையத்திலிருந்து போன். எடைமேடையில் லாரி நிற்கிறது, திரையில் ஒரு விவசாயி பெயர்கூட இல்லை. முந்தின இரவு பதினொரு மணி பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். அன்று காலை முதல் போட்ட நாற்பத்து மூன்று எடைச்சீட்டுகளைக் கார்பன் நகலைப் பார்த்து நானும் அந்தத் தம்பியும் இரவு ஒன்பது வரை திரும்பத் தட்டினோம். தவறு அவருடையதில்லை. கடையின் உண்மையான கடவுச்சொல்லோடு நகலைக் கொடுத்தது நான்.

அன்றிலிருந்து நகல் எடுத்தால் எங்கள் வேலை இந்த வரிசையில்தான் நடக்கும். 'என்வ்' கோப்பை நகலோடு கொண்டுபோவதே இல்லை, மாதிரிக் கோப்பிலிருந்து புதிதாக எழுதுகிறோம். டேட்டாபேஸ் பெயர், பயனர், கடவுச்சொல் மூன்றும் புதிது. அந்தப் பயனருக்குப் பழைய டேட்டாபேஸைத் தொட அனுமதியே கிடையாது, அதனால் யார் மறந்தாலும் கதவு பூட்டித்தான் இருக்கும். போர்ட் எண்ணையும், உள்நுழைவை உலாவியில் நினைவில் வைக்கும் குக்கியின் பெயரையும் மாற்றுகிறோம், இல்லாவிட்டால் ஒரே கணினியில் இரண்டும் ஓடும்போது ஒன்றில் நுழைந்தால் மற்றது வெளியே தள்ளும். குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அனுப்பும் சாவிகளை வெறுமையாக விடுகிறோம். சோதனைச் செய்தி உண்மையான வாடிக்கையாளரின் கைப்பேசிக்குப் போகக் கூடாது.

கடைசியாக கிட். 'கிட்' ஃபோல்டரோடு நகல் எடுத்தால் அது இன்னும் பழைய முகவரியைத்தான் நினைவில் வைத்திருக்கும். நீங்கள் 'புஷ்' செய்தால், அதாவது நிரலை அந்த முகவரிக்கு ஏற்றினால், மளிகைக் கடை நிரல் டயர் கடைக் களஞ்சியத்துக்குள் போய் விழும். 'ரிமோட்' என்ற அந்த முகவரியை முதல் நிமிடத்திலேயே மாற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு செயலிக்கும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. அங்கே 'அப்ளிகேஷன் ஐடி' மாற வேண்டும். மாற்றாமல் அதே கையெழுத்துச் சாவியோடு நிறுவினால் கைப்பேசியில் இருந்த பழைய செயலியின் இடத்தில் புதியது உட்கார்ந்துவிடும். சாவி வேறாக இருந்தால் நிறுவவே மறுக்கும். கூகுளின் ஃபயர்பேஸ் சேவையைப் பயன்படுத்தினால் அதன் அமைப்புக் கோப்பும் புதிதாக வேண்டும்.

பேக்கப் பக்கம் பார்த்தால், கையெழுத்திடும் 'கீஸ்டோர்' கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் நகையைப் போலப் பாதுகாக்க வேண்டும். பிளே ஸ்டோரில் கூகுளே கையெழுத்துச் சாவியை வைத்திருக்கும் முறையில் சேர்ந்திருந்தால், பதிவேற்றும் சாவி தொலைந்தாலும் மாற்றித் தரக் கேட்கலாம். அந்த முறைக்கு வெளியே இருக்கும் செயலி என்றால், அதே செயலிக்குப் புதுப்பிப்பு கொடுக்க வழியில்லாமல் போய்விடும்.

எல்லாம் கிட்ஹப்பில் இருக்கிறது. அது போதாதா அக்கா?

கிட்ஹப் என்பது கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் தளம். கிட் அருமையான கருவி. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதியது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும்படி அமைத்தார். அந்த அமைப்பே நமக்குப் பெரிய காப்பு. ஆனால் அது காப்பது நீங்கள் 'கமிட்' செய்து, அதாவது கிட்டில் பதிவு செய்து, 'புஷ்' செய்ததை மட்டும்தான். 'ஸ்டாஷ்' செய்து ஒதுக்கி வைத்தது உங்கள் கணினியோடு நிற்கும். டேட்டாபேஸ், வாடிக்கையாளர் ஏற்றிய படங்கள், 'என்வ்' கோப்பு, கீஸ்டோர் எதுவும் அங்கே இருக்காது. இருக்கவும் கூடாது.

இன்னொன்று, ஒரே கணக்கை நம்பி இருப்பது. 2014 ஜூனில் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்துக்கு நடந்ததைப் பிள்ளைகளுக்கு எப்போதும் சொல்வேன். மற்றவர்களின் நிரலைப் பாதுகாத்து வைப்பதுதான் அவர்கள் தொழில். அமேசான் கிளவுட் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் ஒருவன் நுழைந்து பணம் கேட்டான், பிறகு அழிக்கத் தொடங்கினான். பேக்கப்பும் அதே பலகையின் கீழ்தான் இருந்தது. பெரும்பகுதி போய், நிறுவனமே மூடிவிட்டது.

அதனால் மாதம் ஒருமுறை 'கிட் குளோன்' கட்டளையை 'மிரர்' தெரிவோடு கொடுத்து, எல்லாக் கிளைகளையும் குறிச்சொற்களையும் சேர்த்து வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி வைக்கிறேன். ஒரே கோப்பாக வேண்டும் என்றால் 'கிட் பண்டில்' இருக்கிறது. முழுக் களஞ்சியமும் ஒரு கோப்பாகிவிடும், பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் மற்றவர் அதிலிருந்தே குளோன் செய்யலாம். பெரிய படங்களை 'கிட் எல்எஃப்எஸ்' வழியாக வைத்திருந்தால் மிரர் அவற்றைக் கொண்டுவராது, தனியாக இறக்க வேண்டும்.

புராஜெக்டையே கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால்?

வேண்டாம். அது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் கெட்டதே அங்கேயும் போகும். பழைய பதிப்பைக் கொஞ்ச நாள் வைத்திருப்பார்கள், அதை மட்டும் நம்ப முடியாது. தவிர, கிட் தன் உள் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒத்திசைவு குறுக்கே வந்தால் களஞ்சியம் கெட்டுப்போகலாம். புராஜெக்ட் வெளியே இருக்கட்டும். முடிந்த பண்டில் கோப்பையும் ஜிப் கோப்பையும் மட்டும் அந்த ஃபோல்டரில் போடுங்கள்.

டேட்டாபேஸ் ஃபோல்டரை நேரடியாகக் காப்பி செய்யலாமா?

சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது கூடாது. பாதி எழுதிய நிலையில் எடுத்துவிடுவீர்கள். டேட்டாபேஸை ஒரு கோப்பாக எழுதித் தரும் டம்ப் கட்டளை இருக்கிறது: மைஎஸ்க்யூஎல் என்றால் 'மைஎஸ்க்யூஎல்டம்ப்', போஸ்ட்கிரெஸ் என்றால் 'பிஜிடம்ப்'. மைஎஸ்க்யூஎல்லில் 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' தெரிவைச் சேர்த்தால், கடை வேலையை நிறுத்தாமலே ஒரே நொடியின் நிலை கிடைக்கும். இது இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளுக்குத்தான். பழைய மைஐசம் அட்டவணைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தமிழ்ப் பெயர்கள் உள்ள டேட்டாபேஸ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, அம்புக்குறி போட்டு டம்ப்பைக் கோப்புக்குத் திருப்பிவிடுகிறவர்கள் அதிகம். விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல் அதை யூடிஎஃப்-16 ஆக எழுதிவிடும். அந்தக் கோப்பைத் திரும்ப ஏற்றும்போது தகராறு செய்யும். அம்புக்குறியை விட்டுவிட்டு 'ரிசல்ட் ஃபைல்' தெரிவைப் பயன்படுத்துங்கள். எழுத்துக் குறியாக்க முறையை 'யூடிஎஃப்8எம்பி4' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதல் தடவை மீட்டபோது முனியம்மா, வேலாயுதம் எல்லாம் வெறும் கேள்விக்குறி வரிசையாக வந்து நின்றதைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

எத்தனை பிரதி? எங்கே வைப்பது?

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்.

நம் ஊருக்கு நான் சேர்ப்பது: ஒரு பிரதி எந்தக் கம்பியிலும் மாட்டாமல் இருக்க வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இங்கே இடி இறங்குவதை நீங்களே பார்க்கிறீர்கள். ஒரு நவம்பர் மாலை இடியில் என் மேசைக் கணினியும், அதில் எப்போதும் செருகியே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே போயின. மோடமும் போயிற்று. இரண்டு பிரதி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரே மின்கம்பியில் தொங்கிய ஒரு பிரதிதான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் வந்தாலும் அப்படியே. செருகி வைத்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

இப்போது இரண்டு டிஸ்க் மாறி மாறிச் சுழல்கிறது. ஒன்று என் இரும்பு அலமாரியில். இன்னொன்று ஈப்போவில் தங்கை வீட்டில். மாதம் ஒருமுறை சாமான் வாங்கப் போகும்போது மாற்றிக்கொள்கிறோம். மூன்றாவது கிளவுடில், 'ரெஸ்டிக்' கருவியால் மறைகுறியாக்கம் செய்து. ரெஸ்டிக் மாறிய பகுதியை மட்டும் சேர்ப்பதால் தினமும் எடுத்தாலும் இடம் அதிகம் பிடிக்காது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும்?

எவ்வளவு வேலையைத் திரும்பக் கையால் தட்ட உங்களுக்குத் தெம்பு இருக்கிறது? அவ்வளவு இடைவெளிதான். குலை நிலையத்தில் அந்த நாற்பத்து மூன்று சீட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டம்ப் எடுக்கிறோம். டயர் கடைக்கு இரவில் ஒருமுறை போதும். நிரலுக்கு, மாலையில் லேப்டாப் மூடுவதற்கு முன் ஒரு 'புஷ்'.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

மீட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதுவும் வேறு கணினியில். கிட்ஹப் போன்ற தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தினசரி டம்ப், பதிப்பு பொருந்தாததால் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அவர்கள் எதையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டதால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது. அதற்கு நான் நன்றியுள்ளவள்.

நாங்கள் செய்வது இது. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து, இணையத்தில் ஏற்கெனவே இருக்கும் எந்தக் கணக்கிலும் நுழையாமல், டிஸ்க்கில் இருப்பதை மட்டும் வைத்து குலை நிலைய மென்பொருளை எழுப்புகிறோம். ஒருவர் கடிகாரம் பார்ப்பார். முதல் தடவை மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. பிஎச்பி பதிப்பு வேறு, ஆப் கீ டிஸ்க்கில் இல்லை, எடைச்சீட்டு அச்சடிக்கும் எழுத்துரு என் கணினியில் மட்டும் இருந்தது. மூன்றையும் சேர்த்தோம். போன தடவை ஐம்பது நிமிடம். திரை வந்துவிட்டதே என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு விவசாயியைத் தேடி, போன மாதச் சீட்டு ஒன்றை அச்சடித்து, மொத்த எடையில் லாரி எடை கழிந்து நிகர எடை சரியாக வருகிறதா என்று காகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் தரவைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அதில் அடையாள அட்டை எண் இருக்கிறது, வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தரவைப் பாதுகாப்பாக வைப்பதும், தேவைக்கு மேல் வைத்திருக்காமல் இருப்பதும் அதில் அடக்கம். சட்டத்தை விடுங்கள், அந்த விவசாயிகள் நம் மாமா, பெரியப்பா. நகலுக்குள் போகும் முன் பெயர், எண் எல்லாவற்றையும் பொய்த் தரவாக மாற்றும் சிறு நிரலை ஒருமுறை எழுதி வையுங்கள். மீட்புப் பயிற்சிக்கு மட்டும் உண்மைத் தரவு வேண்டியிருக்கும். அது முடிந்ததும் அந்த லேப்டாப்பிலிருந்து அழித்துவிடுகிறோம்.

அக்கா, உங்களுக்கே உடம்பு முடியாமல் போனால் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள்?

இதைக் கேட்டது பதினாறு வயதுப் பெண். அந்த வாரம் எனக்குத் தூக்கமே சரியாக வரவில்லை. பத்துப் பன்னிரண்டு கடை என் ஒருத்தியை நம்பி இருக்கிறது. மறைகுறியாக்கம் செய்த டிஸ்க்கின் கடவுச்சொல் என் தலையில் மட்டும் இருந்தால், அந்த டிஸ்க் மற்றவர்களுக்கு வெறும் இரும்பு.

இப்போது ஒவ்வொரு கடைக்கும் ஒரு மூடிய உறை இருக்கிறது. உள்ளே கையால் எழுதிய கடவுச்சொல், எந்த டிஸ்க்கில் எந்த ஃபோல்டர், மீட்கும் படிகள் தமிழிலும் மலாயிலும். கடைக்காரர் தன் பணப்பெட்டியில் வைத்திருக்கிறார். போன மாதம் நான் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, குலை நிலையத்துக் கணக்குப்பிள்ளையிடம் உறையைப் பிரித்து அவரே செய்து பார்க்கச் சொன்னேன். அவருக்கு நிரல் தெரியாது, படிக்கத் தெரியும். ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் எழுப்பிவிட்டார். ஓர் இடத்தில் மட்டும் தடுக்கிற்று. ஏழாவது படியில் 'பழைய லேப்டாப்பை எடுக்கவும்' என்று எழுதியிருந்தேன். அலமாரியில் மூன்று இருந்தன, மூன்றும் அவர் கண்ணுக்குப் பழையவை. அன்று மாலையே ஒன்றின் மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி, ஏழாவது படியைத் திருத்தி எழுதினேன்.